விற்கும் வீடும் வாழும் வீடும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் வேதியியல்)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டிலும் பணம் எந்த வழியாகப் போயிற்று என்றே தெரியாமல் போய்விடும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்து சொன்னார்கள். அந்தப் பழமொழியோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க எனக்கு ஆசை. 'கட்டிய வீட்டை விற்றுப் பார்' என்பதே அது. நாம் எதை வீடு என்று எண்ணிப் பணத்தைக் கொட்டினோம், வாங்க வருகிறவர் எதை வீடு என்று எண்ணி விலை பேசுகிறார் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

வேதியியல் படிக்கும் மாணவன் தனிமங்களைப் பற்றி எழுதாமல் வீட்டு விலையைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்தபின் ஓராண்டு கையாளாகக் கலவைச் சட்டி சுமந்துவிட்டுத்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். ஆதலால் என் வகுப்பு நண்பர்களைவிட எனக்கு வயதும் ஒன்று அதிகம். சிமெண்டைப் பற்றிப் படித்த பாடமும் ஒன்று அதிகம். அந்தப் பாடத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டின் கதை

எங்கள் பழைய வீடு மூன்று சென்ட் நத்தம் நிலத்தில் தாத்தா கட்டியது. செங்கல் சுவர், சீமை ஓடு, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஒரு வேப்பமரம். 2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக் கொண்டார். அக்காவின் திருமணக் கடன் முன்னமே இருந்தது. மருத்துவச் செலவும் அதனோடு சேர்ந்து கொண்டது. வேறு வழியின்றி வீட்டை விற்பது என்று முடிவாயிற்று.

தரகர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். "இப்படியே விற்றால் மண் விலைதான் கிடைக்கும் கொத்தனாரே. முன்பக்கத்தைக் கொஞ்சம் எடுப்பாகச் செய்துவிடுங்கள். பார்ட்டி வண்டியைவிட்டு இறங்கியதுமே மயங்க வேண்டும்" என்றார். ஊரில் பல பேருக்கு எலிவேஷன் கட்டிக் கொடுத்தவர் அப்பா. அவருக்கும் அது சரியென்றே பட்டது. மேலும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கினோம். திண்ணையை இடித்தோம். முன்சுவர் முழுதும் டைல்ஸ் ஒட்டினோம். கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, உள்ளே வண்ண விளக்கு வைத்தோம். காலில் கட்டோடு நாற்காலியில் அமர்ந்து அப்பா சொல்லச் சொல்ல, அவருடன் வேலை செய்தவர்கள் பாதிக் கூலி வாங்கிக் கொண்டு செய்து முடித்தார்கள். கடனை அடைக்க வீட்டை விற்கப் போய், வீட்டை விற்கக் கடன் வாங்கிய விந்தையை என்னென்பது!

அந்தப் பணத்தில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கொல்லையில் இருந்த கழிவறையின் குழி மழைக்காலத்தில் நிரம்பிவிடும். அந்த நாட்களில் அம்மாவும் தங்கையும் விடியுமுன் எழுந்து கண்மாய்க் கரைக்குப் போவார்கள். "குழியை மட்டும் கொஞ்சம் சரி பண்ணுங்களேன்" என்று அம்மா கேட்டார். "விற்கப் போகிற வீட்டுக்கு எதுக்கு அது?" என்றார் அப்பா. நானும் அப்பா பக்கமே நின்றேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் வந்தவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அவர் முன்பக்கத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அந்த அம்மையாரோ முன்பக்கம் நிற்கவே இல்லை. நேரே அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அம்மாவிடம் கேட்டார். கழிவறைக் கதவைத் திறந்து பார்த்து மூடினார். மூலைச் சுவரில் கை வைத்துத் தடவினார். விரலில் உப்பு ஒட்டிக் கொண்டு வந்தது. "ஓதம் ஏறுது போல" என்று மெல்லச் சொன்னார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் மறைக்க முயன்றதை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

இருந்தும் இடம் பிடித்துப் போனதால் பன்னிரண்டரை லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். அவருக்கு வங்கிக் கடன் தேவைப்பட்டது. வங்கியில் பட்டா கேட்டார்கள். பட்டா தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா உயில் எழுதாமல் காலமானவர். வயல் பெரியப்பாவுக்கு, வீடு அப்பாவுக்கு என்று வாய்ப்பேச்சில் பிரித்துக் கொண்டதோடு சரி. அத்தையின் நினைவு யாருக்கும் வரவில்லை. தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்பது 1956ஆம் ஆண்டு முதல் சட்டம். வீட்டைக் கட்டிக் காத்த நாங்கள் அதை அறியவில்லை. வங்கி வழக்கறிஞர் அறிந்திருந்தார். வாரிசுச் சான்று, பெரியப்பாவும் அத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டிய விடுதலைப் பத்திரம், பட்டா மாறுதல் என்று ஏழு மாதம் அலைந்தோம். முதலில் வந்தவர் இரண்டு மாதம் பொறுத்திருந்தார். பிறகு வேறு வீடு பார்த்துக் கொண்டு போய்விட்டார்.

வட்டி நிற்கவில்லை. எங்கள் அவசரத்தை அறிந்த வேறொருவர் ரொக்கம் தருவதாக வந்து ஒன்பதரை லட்சத்துக்கு முடித்துவிட்டார். மூன்று லட்சம் ரூபாய் ஒரு கையெழுத்துக்காகவும் ஒரு பெயர் மாற்றத்துக்காகவும் கரைந்து போயிற்று. அத்தைக்கு ஒரு லட்சம் கொடுத்தோம். "எனக்கு வேண்டாம்டா தம்பி" என்று அத்தை சொன்னார். அப்பாதான் வற்புறுத்திக் கையில் திணித்தார்.

வாங்கியவர் வீட்டின் முன்பகுதியைக் கடையாக்க நினைத்தார். ஒரே மாதத்தில் டைல்ஸ் முழுவதையும் உடைத்து அள்ளிவிட்டு ஷட்டர் வைத்தார். அப்பா அந்த வழியாக வண்டியில் வந்தபோது குப்பையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, "ஒட்டினது நல்லாத்தான் ஒட்டியிருந்தோம். உளி போட்டுத்தான் எடுத்திருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

விலை எங்கே இருக்கிறது?

இது எங்கள் ஒரு குடும்பத்தின் அறியாமை மட்டுமா? ஓராண்டு கலவை சுமந்தபோது பல வீடுகளில் இதையே கண்டேன். விற்க நினைப்பவர் புட்டி வைத்து வண்ணம் அடிக்கிறார். கண்ணாடிக் கைப்பிடி வைக்கிறார். ஓடுகிற ஓடையைக் கவனிப்பதில்லை.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நிலத்துக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்கு ஒரு மதிப்பு என்று தனித்தனியே எழுதுகிறார். கட்டடத்தின் மதிப்பில் வயதுக்கு ஏற்றபடி தேய்மானம் கழிக்கிறார். ஆண்டு ஏற ஏற நிலத்தின் விலை ஏறும். கட்டடத்தின் விலை இறங்கும். நம் ஊர்களில் பழைய வீட்டின் விலையில் பெரும்பங்கு மண்ணுக்கே உரியது. ஆகவே கட்டடத்தின் மேல் நாம் பூசும் ஒவ்வொரு ரூபாயும் இறங்குகிற தட்டிலே வைக்கப்படுகிறது. அந்தத் தட்டு விரைவாக இறங்காமல் தடுக்கும் செலவு எதுவோ, அதுவே பயனுள்ள செலவாகும்.

வாங்குபவரின் பையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. அதாவது பத்து லட்சம் மதிப்புக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய் தனியே வேண்டும். இதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் விலை பேசுகிறவர், நம் வீட்டு வண்ண விளக்குக்காக எவ்வளவு கூட்டித் தருவார்? தம் விருப்பப்படி வேறு விளக்குப் போட்டுக் கொள்ளவே அவர் நினைப்பார்.

எங்கள் துறை கற்பித்த பாடம்

ஓதத்தின் மேல் டைல்ஸ் ஒட்டுவது ஏன் வீண் என்பதற்கு வேதியியல் விடை தருகிறது. தேநீரில் ரஸ்க்கின் ஒரு முனையைத் தொட்டால் மறுமுனை வரை ஈரம் ஏறுகிறது அல்லவா? செங்கல்லிலும் அப்படியே நுண்துளைகள் வழியாக நிலத்தின் ஈரம் மேலே ஏறுகிறது. வரும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிறது. உப்பு மட்டும் படிகமாகத் தங்கிவிடுகிறது. படிகம் வளரும்போது பூச்சைத் தள்ளுகிறது. இதைத்தான் 'உப்புப் பூத்தது', 'சுவர் பொரிந்தது' என்கிறோம். மேலே டைல்ஸ் ஒட்டி அடைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரம் ஏறி வேறிடத்தில் பொரிகிறது. அடித்தளத்துக்கு மேல் ஓதத் தடுப்பு அடுக்கு போடுவதும், மழை நீர் சுவரடியில் தேங்காமல் சரிவு கொடுப்பதுமே மருந்து. கட்டும்போது இதற்கு ஆகும் செலவு அற்பம். கட்டிய பின் செய்வது பெரும்பாடு.

கான்கிரீட் கூரையும் இப்படியே. மொட்டை மாடியில் நீர் தேங்கினால் அது மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பன்மடங்கு கூடுகிறது. கான்கிரீட்டுக்குள்ளே அதற்கு இடமேது? உள்ளிருந்தே வெடிப்பு உண்டாகிறது. சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியும் கூரையைக் கண்ட பிறகு யாரும் கட்டடத்துக்கு விலை சொல்வதில்லை. இடிப்பதற்கு ஆகும் கூலியைத்தான் கணக்கிடுவார்கள். அதைக் காப்பது எது? நல்ல வாட்டம் விட்டுத் தட்டோடு பதிப்பது, மழைநீர்க் குழாயில் இலை அடைக்காமல் ஆண்டுக்கொரு முறை பெருக்குவது. கூரையின் அடியிலே ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒழுகலை மறைத்தவர், நோயை மறைத்து மருத்துவரிடம் போனவருக்கு ஒப்பாவார்.

இன்னொன்று சொல்வேன். சுண்ணாம்பு அடிப்பதை ஏழைகளின் வேலை என்று இகழ்வோர் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை ஏற்றுக் கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. சுவரின் நுண்துளைகளை அடைக்காமல் ஈரம் ஆவியாக இடம் விடுகிறது. வெண்மையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. எங்கள் பழைய சுவருக்கு உகந்தது அதுவே. அதை விட்டுவிட்டு விலையுயர்ந்த பிளாஸ்டிக் வண்ணத்தை அடித்தோம். இரண்டாம் மாதமே கொப்புளித்தது.

காகிதமும் கட்டுமானப் பொருளே

செங்கல், மணல், சிமெண்ட், கம்பி என்று அப்பா எண்ணுவார். ஐந்தாவதாகக் காகிதத்தையும் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டட அனுமதி ஆகியவை ஒழுங்காக இருக்கும் வீட்டை வங்கிக் கடன் வாங்கியும் வாங்கலாம். இல்லாத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். நூறு பேர் வந்து கேட்கும் பொருளுக்கும் ஐந்து பேர் மட்டுமே கேட்கும் பொருளுக்கும் ஒரே விலை இருக்குமா? எங்கள் மூன்று லட்சம் போன கணக்கு இதுதான்.

மனைக்கும் இஃதே விதி. அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. அதன்பின் 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. அந்த இடைக்காலத்தில், மலிவு என்று அனுமதியில்லா மனை வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் மகள் திருமணத்துக்கு விற்க முடியாமல் தவித்தன. முன்பு சிறு வீட்டுக்கு அனுமதி வாங்கவே அலைய வேண்டும் என்று சொல்லிப் பலர் வாங்காமல் இருந்தனர். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணைய வழியே அனுமதி பெறலாம். ஆதலால் இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

செலவு ரசீதுகளையும் இதில் சேர்க்கலாம். வீட்டை விற்று ஆதாயம் கிடைத்தால், வீட்டை மேம்படுத்தச் செய்த செலவைக் கழித்துக் கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் கம்பிக் கடைச் சீட்டைப் பத்திரப்படுத்துகிறோம்? எங்கள் வீட்டுச் சீட்டெல்லாம் அம்மாவின் அடுப்பு மூட்டத்தான் பயன்பட்டது.

மதிலுக்கு வெளியே

வீட்டின் விலையில் ஒரு பகுதி நம் மதிலுக்கு வெளியே கிடக்கிறது. தெருவில் கழிவுநீர் தேங்கினால், உள்ளே சலவைக்கல் பதித்தாலும் விலை ஏறாது. பழைய சாலையின் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டுச் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்ட தெருக்கள் நம் நகரங்களில் ஏராளம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவதற்குப் பல லட்சம் கொடுக்கிறார்கள். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் ஆணை பிறப்பித்தார். அந்த ஆணை நம் தெருவில் நடைமுறையாகிறதா என்று நின்று கேட்பதும் வீட்டுக்குச் செய்யும் ஒரு மேம்பாடே. எலிவேஷனைவிட அதற்குச் செலவு குறைவு. வாய் மட்டும் வேண்டும்.

மழைநீர் சேகரிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தோண்டிய குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. தூர் எடுத்துக் கூழாங்கல் மாற்ற இரண்டு ஆள் கூலி போதும். 'கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கிறதா?' என்பதுதான் எங்கள் வறண்ட மாவட்டத்தில் வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் முதற் கேள்வி. ஒரு தெருவே சேர்ந்து இதைச் செய்தால் தெருவுக்கே விலை ஏறும்.

செட்டிநாடும் அமெரிக்காவும்

எங்கள் ஊரிலிருந்து காரைக்குடி தொலைவில்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கற்கள், முகம் பார்க்கும் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சு. செலவுக்கு அஞ்சாமல் கட்டிய அத்தகைய மாளிகைகளில் சில பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருட் கடைகளில் தூணும் கதவும் நிலையும் தனித்தனியே விலைக்கு நிற்கின்றன. இவ்வளவு அழகிய வீடு முழுதாக விலை போகாதது ஏன்? பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில் பரவிவிட்டார்கள். எல்லாரும் ஒருமித்துக் கையெழுத்திடுவது அரிது. அத்தனை பெரிய கூரையைப் பராமரிப்பதும் எளிதன்று. உலகிலேயே சிறந்த தேக்கும் கூரை ஒழுகலுக்கும் பங்குப் பிரச்சினைக்கும் ஈடு செய்யவில்லை என்பதே அந்தக் கடைத்தெரு சொல்லும் செய்தி.

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்காவில் வீடு புதுப்பிக்கும் தொழிலுக்கான ஓர் இதழ், எந்த வேலைக்கு எவ்வளவு செலவு, விற்கும்போது எவ்வளவு திரும்பும் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் முதலிடம் பெற்றது கார்க் கொட்டகைக் கதவை மாற்றுவது. அதற்குப் போட்ட நூறு டாலருக்கு ஏறத்தாழ 194 டாலர் திரும்பியது. ஆடம்பரமாகச் சமையலறையை இடித்துக் கட்டினாலோ நூறுக்கு 40 டாலர்கூடத் திரும்பவில்லை. அந்நாட்டு மரச் சட்ட வீடும் நம் செங்கல் வீடும் வேறு வேறு. அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆயினும் உண்மை ஒன்றுதான். எல்லாருக்கும் பயன்படும் சிறு திருத்தம் பணத்தைத் திருப்பித் தருகிறது. ஒருவர் ரசனைக்குச் செய்த பெருஞ்செலவு அவரோடு போகிறது.

மறுப்போருக்கு ஒரு வார்த்தை

"அப்படியானால் வெள்ளையடிக்காமல், ஒட்டடை தொங்க வீட்டைக் காட்டுவதா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒட்டடை அடியுங்கள். ஒழுகும் குழாய்க்கு வாசர் மாற்றுங்கள். கீச்சிடும் கீலுக்கு எண்ணெய் விடுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். சுண்ணாம்பு அடியுங்கள். சில ஆயிரத்தில் முடியும் இவை அனைத்தும் 'இந்த வீட்டைப் பேணி வைத்திருக்கிறார்கள்' என்ற நம்பிக்கையை உண்டாக்கும். நான் எதிர்ப்பது பேணுவதை விட்டுவிட்டுப் பூசுவதைத்தான்.

"வாஸ்து கேட்கிறார்களே, வாசலை மாற்ற வேண்டாமா?" என்பார் சிலர். கேட்பது உண்மைதான். கட்டும்போது வாசலை எந்தத் திசையில் வைத்தாலும் செலவு ஒன்றே, வைத்துக் கொள்ளட்டும். ஆனால் கட்டிய வீட்டில் பாரம் தாங்கும் சுவரை உடைத்து வாசல் மாற்றுவதை நான் கண்டிருக்கிறேன். ஆறு மாதத்தில் நிலைக்கு மேலே விரிசல் ஓடியது. அந்த விரிசலைப் பார்த்த பிறகு எந்தத் திசை அந்த வீட்டைக் காப்பாற்றும்?

இன்னொரு மறுப்பு என் தந்தையாரிடமிருந்தே வந்தது. "எல்லாரும் உன்னை மாதிரி யோசித்தால் எங்களுக்கு வேலை ஏது தம்பி?" என்று சிரித்தார். சிந்திக்க வேண்டிய கேள்விதான். கழிவறைக் குழி எடுப்பதும் தட்டோடு பதிப்பதும் கொத்தனார் வேலைதானே! வேலை குறையாது, வேலையின் வகை மாறும். அப்பாவும் அதை ஒத்துக் கொண்டார். ஆனால் டைல்ஸ் வேலையில் கூலி கூடுதல் என்பதையும் சொல்லி வைத்தார்.

முடிவாக

விற்பதற்கு ஒரு வீடு, வாழ்வதற்கு ஒரு வீடு என்று இரண்டு இல்லை என்பதே நான் சொல்ல வந்தது. ஓதம் ஏறாத சுவர், ஒழுகாத கூரை, கோடையிலும் தண்ணீர், வீட்டுப் பெண்கள் கண்மாய்க் கரைக்குப் போக வேண்டாத கழிவறை, தகராறில்லாத பத்திரம் ஆகியவை வாங்க வருகிறவர் விலை கொடுக்கும் பொருள்கள். நாம் குடியிருக்கும் காலத்தில் நம்மை நோயின்றியும் அச்சமின்றியும் வைத்திருப்பவையும் அவையே. விற்கிற நாளுக்காக இவற்றைத் தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் இழக்கிறோம். எங்கள் அம்மா அத்தனை ஆண்டுகள் பொறுத்துக் கொண்டதற்கு எந்தக் கிரயப் பத்திரத்திலும் விலை எழுதப்படவில்லை.

கடன் அடைத்தது போக மிஞ்சிய மூன்று லட்சத்துச் சொச்சத்தில் 2024இல் ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் வாங்கினோம். அனுமதி பெற்ற மனை. பட்டா அம்மா பெயரில் இருக்கிறது. இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவும் நானும் அங்கே போய், சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் பார்த்து, அழித்துவிட்டு வருகிறோம். சென்ற வாரம் வழக்கம்போல் அப்பா, "முன்பக்கம் எப்படி வைக்கலாம் தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் தங்கை குறுக்கிட்டாள். "முதல்ல பின்பக்கத்தைச் சொல்லுங்கப்பா. குழி எங்கே வருது?" என்றாள். அப்பா ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு கோட்டுப் பொடியை அவள் கையில் கொடுத்து, "நீயே போடு" என்றார். அவள் போட்ட கோட்டை மட்டும் அன்று நாங்கள் அழிக்கவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வீட்டுக் கடிதத்தைப் படிப்பதும் விண்ணப்பம் எழுதுவதும் நம் பொறுப்பாகவே இருக்கின்றன. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, உங்கள் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரில் இருந்தால் அத்தையைப் போய்ப் பாருங்கள். பிறகு மொட்டை மாடிக்கு ஏறி, மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் இலையை அள்ளிப் போடுங்கள். நாம் படித்த படிப்பு நம் வீட்டுக்குச் செய்யும் முதல் மேம்பாடு அதுவாக இருக்கட்டும்.